மண்டையை உடைத்தவளுக்கு நர்சிங் சீட்டு

"அடுத்த வூட்டுக் கதைன்னா காத நீட்டிக்கிட்டு வந்துடுறியே, வெக்கமா இல்ல? சரி, கேளு."

பீங்கான் பட்டறையில் கையைப் பிடித்து இழுத்த மேஸ்திரியின் மண்டையை என் பேத்தி ஊறுகாய் ஜாடியால் உடைத்தாள். கோர்ட்டில் அபராதம் கட்டினோம். பிறகு நர்சிங் படிக்க விண்ணப்பித்தாள். நேர்காணலுக்குத் துணையாகப் போன நான், "கேஸப் பத்தி வாயத் தொறக்காதடி," என்றேன்.

கேட்டாளா? என்னையும் உள்ளே கூட்டிப் போய், நேர்காணல் நடத்திய மேடத்திடம் போட்டு உடைத்தாள்.

"ஒருத்தர் மண்டைய ஒடச்சி கேஸாயிடுச்சுங்க மேடம்."

சீட்டு போச்சு என்று நினைத்தேன்.

"அப்புறம்?"

"துப்பட்டாவால கட்டுப் போட்டு, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேங்க."

"எப்புடிக் கட்டுன? காட்டு."

என் தலையிலேயே கட்டிக் காட்டினாள். நான் மறைக்கச் சொன்ன சங்கதிதான் சீட்டு வாங்கிக் கொடுத்தது.

"கேஸு முடிஞ்சுதா ஆயா?" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் நோண்டினார்கள்.

"எங்கடி முடியும்? இனிமே அவளுக்கு தெனமும் கேஸுதான். எல்லாம் பிரசவ கேஸு," என்றேன்.