அம்மா இழுத்த ராகம்

முதலில் வலித்தது பாட்டின் ஒரு நீண்ட அடியின் நடுவில். ஞாயிற்றுக்கிழமை மாலை, மாதா கோயிலில் பாட்டுக் குழுவோடு நின்று ஆங்கிலப் பாட்டு பாடிக்கொண்டிருந்தேன். அந்த அடியை ஒரே மூச்சில் பாட வேண்டும். பாதியில், வலப்பக்க விலாவுக்குள் தூண்டில் மாட்டியதுபோல் இருந்தது. மற்றவர்கள் பாடி முடித்தார்கள். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் விலாவுக்கு இடையே ஊசி செலுத்தி, வைக்கோல் நிறத் தண்ணீரை எடுத்தார்கள். ப்ளூரிசி (நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்தல்) என்றார் டாக்டர். கவனிக்காவிட்டால் க்ஷயத்தில் (நுரையீரலை அரிக்கும் நோய்) கொண்டுபோய் விடுமாம்.

"படுத்தே இரு. பேச்சைக் குறை. பாட்டு கூடவே கூடாது. சத்தம் போட்டுப் படிக்கவும் கூடாது."

அம்மா பதறினாள். "அதெப்பிடி சாமி? இவன் பாடிக்கினுதான் இங்கிலீசு படிச்சான். பாடலேன்னா அத்தினியும் பூடுமே!"

"மூச்சே போயிட்டா இங்கிலீஷ் எதுக்கும்மா?" என்றார் டாக்டர்.

அம்மா சொன்னது உண்மை. எங்கள் குப்பத்து வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். சந்தேகம் கேட்க ஆள் இல்லை. இலக்கணப் புத்தகம் மண்டையில் ஏறவில்லை, பாட்டு ஏறியது. ஆங்கிலத்தில் நடந்து முடிந்ததைச் சொல்ல வேண்டுமானால், புயலில் சிக்கிய கப்பலின் பாட்டை மெல்லிய குரலில் பாடி, அதன் வாக்கியத்தில் என் சொற்களைப் போட்டுக்கொள்வேன். இனி நடக்கப்போவதைச் சொல்ல மோட்சத்துப் பாட்டு. ஆனால் நடுவிலிருந்து உருவ வராது, முதலிலிருந்தே பாடிக்கொண்டு வர வேண்டும்.

கடற்கரைச் சாலைக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலைக்குத் தலைமையாசிரியர் சொல்லி வைத்திருந்தார். மழைக்காலம் முடிந்ததும் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை நேரில் ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பார். அது தவறினால் அப்பாவோடு கட்டுமரம்தான். இந்த மார்போடு துடுப்புப் போட முடியாது என்று அப்பாவுக்கும் தெரியும்.

படுத்துக் கிடந்தேன். பாட்டை நினைத்தால் முதல் அடியோடு நின்றுபோனது. குரல் இல்லாமல் அடுத்த அடி வரவில்லை. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே உழைப்பாக இருந்தது. இதே நோயில் படுத்திருப்பவர்களுக்கு அந்தக் களைப்பு புரியும்.

ஒரு மத்தியானம் மயிலாப்பூர்ப் பக்கம் மீன் விற்றுவிட்டு வந்த அம்மா, கூடையைக் கழுவிக்கொண்டே முணுமுணுத்தாள். என் பாட்டு! நான் உதட்டை அசைத்ததைக் கவனித்துவிட்டாள்.

"நீ வாய மட்டும் ஆட்டு. ராகத்த நான் இஸ்துக்கினு போறேன்."

அவளுக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. நான் கத்திக் கத்திப் படித்த வருஷங்களில் ராகங்கள் அவள் காதில் தங்கியிருந்தன. ஆனால் தெருவில் மீன் கூவி விற்பதுபோலவே ஒவ்வொரு அடியின் வாலையும் நீட்டி இழுத்தாள். பாட்டில் வந்த தேவதூதர்கள் வஞ்சிரம் விற்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காத பாவி, விலா நோவப் போவுது!"

அவளுக்கு மிகவும் பிடித்தது மோட்சத்துப் பாட்டுதான். அது சவ அடக்கத்தின்போது பாடுவது என்று அவளுக்குத் தெரியாது. நான் ஒருமுறை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன்.

"இன்னா, புடிக்கலியா?"

பிடிக்கிறது என்று தலையாட்டி, பாடச் சொன்னேன். எதிர்காலத்தைச் சொல்ல எனக்கு வேறு பாட்டு இல்லை. என் தலைமாட்டில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே, அதை அவள் தினமும் முணுமுணுத்தாள். நான் சத்தமில்லாமல் சொற்களை நிரப்பினேன்.

நீர் வற்றியது. உறை ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது, அந்தப் பக்கம் முன்போல் விரியாது என்றார் டாக்டர்.

மழைக்காலம் முடிந்து கம்பெனிக்குப் போனேன். துரை ஆங்கிலத்தில் பலவும் கேட்டார். கடைசியாக, தினமும் நேரத்துக்கு வருவாயா என்றார். மோட்சத்துப் பாட்டின் வாக்கியத்தில் பதிலைத் தொடங்கினேன். பாதியில் மூச்சு தீர்ந்தது. அம்மா அடியின் வாலை இழுக்கும் இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கினேன். துரை பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். மீதியைச் சொன்னேன்.

வெளியே தலைமைக் குமாஸ்தா வந்தார். "இன்னாப்பா, வார்த்தையத் தராசுல நிறுத்து நிறுத்துப் போடறே? திங்கக்கெழம வேலைக்கி வா. ஆபீஸ் மேல் மாடியில கீது."

இப்போது காலையில் அந்த மாடிப் படிகளில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். அடுத்த வருஷத்தைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டேன். ஒரு மூச்சு எட்டும் தூரம்தான் எனக்கு நாளை. திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றி நிற்கிறேன். மூச்சு வருகிறது. அடுத்த படியில் கால் வைக்கிறேன்.