குறுக்குப் பாதை வல்லாரை

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நான் வீடு வந்து சேர்வதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். அதனால் வழியில் தேயிலைக்கு நடுவே முளைத்திருக்கும் வல்லாரையைப் பறித்துக்கொள்வேன். நறுக்கி, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு, தேசிக்காய் பிழிந்தால் சம்பல் தயார். செலவில்லை, உடம்புக்கும் நல்லது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று குறுக்குப் பாதையில் வந்ததால், கீழ்மலையில் பறித்தேன். சோற்றில் பிசைந்து சின்னவளுக்கு முதல் வாயை நீட்டியபோது, பக்கத்து வீட்டுச் செல்வி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் யார் முதலில் பிடிப்பது என்று சண்டை போட்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

"குடுக்காதீங்கக்கா! நீங்க கீழ்மலையில கீரை புடுங்குனத எங்க வீட்டுக்காரரு தூரத்துல பாத்தாராம், இப்பதான் வந்து சொல்றாரு. காலையில அவருதான் அங்க புல்லுக்கு மருந்து அடிச்சிருக்காரு!"

என் கை அப்படியே நின்றது. சின்னவள் வாயைத் திறந்தபடி இருந்தாள். செல்விதான் தட்டுகளை வாங்கிக் கொட்டினாள். பிறகு ஓடிப்போய்த் தன் வீட்டுப் பருப்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒங்களுக்கு?" என்றேன்.

"நெறைய இருக்குக்கா. புள்ளைகளுக்குப் போடுங்க."

பிள்ளைகள் சாப்பிட்டார்கள். வரிசையாய்க் கட்டிய லயத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். "பருப்பு எங்கம்மா?" என்று அவள் மகன் கேட்பது எனக்குக் கேட்டது. தேங்காய் திருவும் சத்தம்தான் வந்தது.

இப்போதெல்லாம் பீலியில் அவள் குடம் நிறைந்த பிறகுதான் என் குடத்தை வைக்கிறேன். ஏனென்று அவள் கேட்டதில்லை.