செவ்வாய்க்கிழமைக் கடலில் ஒரு மஞ்சள் கோடு

மோரீ என்ற மீனவ ஊரில் செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அன்று கடலுக்கு ஓய்வு. மீறினவனை மீனவர் தலைவர் நானா ஒட்டூ அந்தப் பருவம் முழுக்கக் கரையிலேயே உட்கார வைத்துவிடுவார். கல்யாணமும் சாவுமாகப் படமெடுத்து அலுத்துப்போன புகைப்படக்காரி எஃபுவாவுக்கோ அந்த வெறுங்கடல்தான் வேண்டியிருந்தது. மீனவர் மன்றத்துச் சுவருக்கு ஒரு பெரிய படம் கேட்டிருந்தார் நானா.

சாயங்காலம் மணலில் கேமராவை ஊன்றி, ஷட்டரைச் சில நிமிஷம் திறந்தே வைத்து எடுத்தாள். மறுநாள் தன் கடையில் கணினியில் பார்த்தால், அலையெல்லாம் ஆவி மாதிரி வழுவழுவென்று படிந்திருந்தது. வானத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி, கரையிலிருந்த தோணிகளின் நிறத்தைத் தூக்கினாள். அப்புறம்தான், எடுக்கும்போது கண்ணில் படாத ஒன்று தெரிந்தது. தூரத்துத் தண்ணீரில் நீளமாய் ஒரு மஞ்சள் கோடு. நகர்ந்த வெளிச்சம் கோடாகப் பதிந்திருக்கிறது; யாரோ விளக்கோடு போயிருக்கிறார்கள்! தோணி வரிசையிலும் ஓர் இடம் காலி. அது அவள் தம்பி ஜோஜோவின் தோணி நிற்கும் இடம்.

கடலை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு ஏது? மஞ்சள் கோட்டை அழித்தாள். பக்கத்துத் தோணியை நகலெடுத்துக் காலி இடத்தில் ஒட்டினாள். கச்சிதமான வேலை என்றுதான் நினைத்தாள்.

படம் பார்க்க வந்த நானா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஏம்மா, எனக்கு எப்போ ரெண்டாவது தோணி வந்துச்சு?"

அவள் நகலெடுத்தது அவருடைய தோணியை: அதே கொடி, அதே பெயர், அதே விரிசல். இந்த ஊரில் தோணியை முகம் மாதிரி அடையாளம் காண்பார்கள். கடலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது மறந்துபோயிற்று.

நேரம் பார்த்து உள்ளே வந்த ஜோஜோ படத்தில் தேடினான். "எங்கேக்கா என் விளக்கு?"

"வாய மூடுடா!"

"எதுக்கு மூடணும்? செவ்வாக்கெழமக் கடல் பொணமாட்டம் கெடக்கு, ஒரு வெளிச்சம் இருந்தா நல்லாருக்கும்னு நீதான பொலம்புன? உனக்காகத்தான் சொல்லாம கொள்ளாமப் போனேன். வலையத் தொடக்கூட இல்ல நானா, சத்தியமா."

நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வலை இல்லேன்னா அது மீன்பிடி இல்ல. ஆனா தூங்குற கடல எழுப்பிட்ட. கடலுக்கு ஒரு போத்தல் ஜின் ஊத்தி மன்னிப்புக் கேளு. முழுசா ஊத்தணும், பாதி உன் வயித்துக்குள்ள போகக் கூடாது." பிறகு அவளிடம் திரும்பினார். "என் ரெண்டாவது தோணியத் தூக்கிட்டு, இவன் கோட்டத் திரும்ப வை."

கை வைக்காத மூலப்படத்தைத் திறந்தாள். ஜோஜோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"ரொம்பக் கோணலா இருக்குக்கா. கொஞ்சம் நேராக்கிடேன்."

"மாட்டேன் போ," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.