வயிறு இல்லாத மாஸ்டர்

செல்வி, பிரபு, அப்பா ஏன் அந்தச் சமையல் கான்ட்ராக்டரிடம் வேலைக்குப் போவதில்லை என்று கேட்டீர்கள். எழுதியே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணச் சமையலில் மாஸ்டரின் வயிறுதான் விளம்பரப் பலகை. பெரிய தொந்தி என்றால் பெரிய கைமணம் என்று ஜனங்கள் நம்புவார்கள். நானும் அதைப் பெருமையாகத்தான் சுமந்தேன்.

1. மானாம்பதி

ஒரு கல்யாணத்தில் சாம்பார் அண்டாவைக் கிளறும்போது தலை சுற்றியது. காய் நறுக்கும் அஞ்சலைதான் இழுத்துப் பிடித்தாள். "அண்ணா, அடுப்புல உயுந்துடப் போற!"

அரசு ஆஸ்பத்திரியில் பிரஷர் நூற்று எண்பதைத் தாண்டியிருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்தார். "இதை நீங்களா நிறுத்தக் கூடாது. எடையையும் குறைங்க. உடம்பு பெருத்தா ரத்தத்தைத் தள்ள இதயத்துக்குக் கூடுதல் வேலை. எடை இறங்கினா பிரஷரும் இறங்கும்."

"நான் உக்காந்து துன்றதே இல்லம்மா."

"நின்னுக்கிட்டு?"

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். சாம்பாரில் ஒரு கரண்டி, பாயசத்தில் ஒரு டம்ளர், வடை சூடாக இரண்டு. ருசி பார்த்ததையெல்லாம் சேர்த்தால் இரண்டு இலைச் சாப்பாடு.

அன்று முதல் உள்ளங்கையில் ஒரு சொட்டுதான். மீதி ருசியை அஞ்சலை பார்த்துச் சொன்னாள். "உன் தொந்திய எனக்கு மாத்தி வுடப் பாக்கிறியா அண்ணா?" என்று திட்டிக்கொண்டே சொன்னாள். தினமும் ஏரிக்கரையில் நடந்தேன். ஒரு வருஷத்தில் தொந்தி கரைந்தது. பிரஷரும் இறங்கியது. மாத்திரையை டாக்டரம்மாவே குறைத்தார்.

2. பெருநகர்

பெருநகர் என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். பெண்ணின் அப்பா சமையல்கட்டுக்கு வந்து, "மாஸ்டர் எங்கப்பா?" என்றார். கான்ட்ராக்டர் என்னைக் காட்டினார்.

"இவுரா? இவுரு சோத்த இவுரே துன்ன மாட்டாரு போல கீதே! சம்பந்தி வூட்ல சிரிப்பாங்கப்பா."

அவர் போனதும் கான்ட்ராக்டர் என்னை ஸ்டோர் ரூமுக்கு இழுத்துப்போய் இரண்டு துண்டுகளை நீட்டினார். "மாஸ்டரே, பேஜார் பண்ணாத. இத்த பனியனுக்குள்ள சுத்திக்கினு நில்லு. பந்தி முடிஞ்சதும் அவுத்துடு."

"வயிறு இல்லன்னா சாம்பார் கொதிக்காதா?"

"கஸ்டமர் கண்ணுக்குத்தான்யா. முடியாதுன்னா சொல்லு, வேற மாஸ்டர கூப்டுக்கிறேன்."

"கூப்டுக்க. இந்த வயித்த எறக்க நான் பட்டது எனக்குத் தெரியும். துணியால கூட அத்த திருப்பி கட்ட மாட்டேன்."

வாசலில் காய் நறுக்கியபடி எல்லாவற்றையும் கேட்ட அஞ்சலையும் என்னோடு கிளம்ப முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். நான்தான் அவளை இருக்கச் சொன்னேன். அவள் கூலி போகக் கூடாது. நான் மட்டும் பஸ் ஏறினேன்.

அந்தக் கான்ட்ராக்டர் பிறகு கூப்பிடவே இல்லை. இப்போது வளைகாப்பு, காதுகுத்து என்று சின்ன வேலைகள்தான். வரும்படி குறைந்தது உங்களுக்கே தெரியும். எனக்கு வருத்தம் இல்லை.

நான் கற்றது இவ்வளவுதான். ஒல்லியானவர்களுக்கும் பிரஷர் வரும். அளந்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஏறிய எடையை யாராவது வாட்டசாட்டம் என்று புகழ்ந்தால் நம்பாதீர்கள். தலை சுற்றும்போது அவர்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

பெருநகரிலிருந்து திரும்பிய மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போனதும், வேட்டிக்கு மேல் கட்டும் என் பச்சை பெல்ட்டை எடுத்தேன். ஆணியைக் காய்ச்சி, பக்கிளுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன். பழைய ஓட்டைகளோடு நீண்டிருந்த நுனியைக் கத்தியால் அறுத்து எறிந்தேன். இனி அந்தப் பெல்ட் பழைய வயிற்றுக்கு எட்டாது.