பராஅத் ரொட்டி போன தட்டு

ஷஅபான் மாதப் பிறை பதினைந்து நெருங்கினாலே எனக்கும் தம்பிக்கும் சண்டைதான். அது பராஅத் இரவு. பத்தமடையில் எங்கள் வீட்டில் பொழுது சாய மஃரிப் தொழுததும் குர்ஆனில் யாசீனை மூன்று தடவை ஓதி, அரிசிமாவு ரொட்டியும் வாழைப்பழமும் தெருவுக்கே கொடுத்தனுப்புவோம். மறுநாள் நோன்பு. பண்டம் வந்த தட்டை யாரும் வெறுமனே திருப்ப மாட்டார்கள். ஒரு கை சீனியாவது வைத்துத்தான் தருவார்கள்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தம்பிக்கு இதெல்லாம் ஆகாது. சவூதியிலிருந்து வந்த நாளாய் இந்த அக்காளிடம், "அந்த ராத்திரிக்குன்னு தனி அமல், வணக்கம்லாம் செய்ய மார்க்கத்துல ஆதாரம் இல்ல லாத்தா" என்பான். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தோ உண்டு என்பார். நான் என்ன கண்டேன்? மாவு பிசையத் தெரியும், அவ்வளவுதான். போன வருஷம் நான் அனுப்பிய ரொட்டியை மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிவிட்டான். வாப்பாவும் உம்மாவும் போனபின் பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவன் ஒருத்தன். அன்று அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் ரோஷமாக அவனுக்கு அனுப்பவே இல்லை. மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, எங்கள் வீட்டில் ஓடாத தண்ணீர் மோட்டாரைப் பார்க்க அவனே வந்தான். கோபம் வேறு, உபசரிப்பு வேறு. டீ போட்டு நீட்டினேன்.

"வேண்டாம் லாத்தா. நோன்பு."

"ஏலே! பராஅத்து நோன்பா? மாட்டுனியா!"

"அட, இது மாசாமாசம் வைக்குத நோன்பு. பிறை பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. அதுக்கு ஆதாரம் இருக்கு."

"எனக்கும் இன்னைக்கு நோன்புதாம்லே."

மோட்டாரைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. "அக்காளும் தம்பியும் சண்டை போட்டுப் போட்டு ஒரே நாள்ல பட்டினி கிடக்குதீய" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

அவன் போனதும் அடுப்பைப் பற்றவைத்தேன். மஃரிபுக்குச் சற்று முன்னால் மூடிய தட்டோடு அவன் வாசலில் போய் நின்றேன்.

"நேத்து சுட்டதா?" என்றான், சந்தேகமாக.

"இப்பத்தான் கல்லுலேர்ந்து எடுத்தேன். நோன்பு தொறக்கத்தான். வேணும்னா வாங்கு, இல்லன்னா போ."

வாங்கிக்கொண்டான்.

ராத்திரி இஷா தொழுகைக்குப் போகிற வழியில் தட்டைத் திருப்பிக் கொடுத்தான். உள்ளே பேரீச்சம்பழம்.