குங்குமம் பட்ட சில்லு

சாந்தகுமாரிக்கு மர்பி டவுனில் ஒற்றை அறை வீடு. புருஷன் மாரடைப்பில் போன பிறகு, மைசூர் ரோட்டு கார்மென்ட்ஸில் தையல் மெஷின் ஓட்டித்தான் மகளைக் கரையேற்றினாள். கண் மங்கத் தொடங்கியதும் தையலை விட்டு, ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள். வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, ஓர் அறையில் தூசி அண்டாமல் காப்பது அவள் வேலை.

அந்த அறைதான் லாவண்யாவுக்கு உலகம். ஆம்பூரிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவள். கேலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியில் அரிசி மணியளவுக்கு ஒரு சில்லு செய்திருந்தாள். லேசர் ஒளி அதற்குள் போகும்போது, எப்போதாவது ஓர் ஒளித்துகள் இரட்டையாகப் பிரிந்து வெளியே வரும். செய்த சில்லுகளில் உருப்படியானது அது ஒன்றுதான். அது போனால் அவள் படிப்பே போச்சு.

ஆயுத பூஜைக்குக் கதவில் மட்டும் பொட்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள். சாந்தகுமாரியும் வைத்தாள். ஆனால் மனசு ஆறவில்லை. கார்மென்ட்ஸில் கதவுக்கா பொட்டு வைத்தார்கள்? உழைக்கிறது உள்ளே கிடக்க, வாசலுக்கு மட்டும் மரியாதையா? யாரும் இல்லாத நேரம் பார்த்து, சில்லின் மேல் கவிழ்த்திருந்த மூடியைத் திறந்தாள். சில்லு உட்கார்ந்திருந்த பித்தளை மேடையில் துளி குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.

விடுமுறை முடிந்து வந்த லாவண்யா லேசரைப் போட்டாள். திரையில் இரட்டைகளின் சுவடே இல்லை. மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவில்லை. ஒளி நுழைகிற வாயில் சிவப்பாய் ஒரு பொடி.

சாந்தகுமாரி பக்கத்தில் போய் நின்றாள்.

"நான்தாம்மா வெச்சேன். அதுவும் நம்ம கூடவே உழைக்குதேன்னு..."

லாவண்யா திட்டவில்லை. திட்டியிருந்தால் சாந்தகுமாரி தாங்கியிருப்பாள்.

"இது தையல் மெஷின் இல்லக்கா. லேசர் பட்டுப் பொடி கருகி ஒட்டியிருந்தா அவ்ளோதான்."

லேசரை அணைத்துவிட்டு, சுத்தமான வாயுவை மெல்ல ஊதி ஊதிப் பொடியை விரட்டினாள். சாந்தகுமாரி பக்கத்தில் விளக்குப் பிடித்து நின்றாள். மறுபடி லேசர். திரையில் பச்சைக் கோடு தரையோடு தரையாய்க் கிடந்தது. பெற்ற மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட சாந்தகுமாரி இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

கோட்டின் நடுவில் ஒரு முளை எழும்பியது. இரட்டைகள் திரும்பி வந்துவிட்டன. லாவண்யா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சற்று நேரம் கழித்து, அது என்னவென்று சாந்தகுமாரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஜோடிக்கா. ஒண்ணு இந்தக் கோடிக்குப் போகுது, இன்னொண்ணு அந்தக் கோடிக்கு. ஒளி ஆடிக்கிட்டேதான் போகும். எந்தப் பக்கமா ஆடுறேன்னு இதை எப்படி மாத்தி மாத்திக் கேட்டாலும், அதுவும் ஒத்துப்போற பதிலையே சொல்லும்."

"கெளம்பறப்பவே பேசி வெச்சுக்குமோ?"

"இல்லக்கா. நாம கேக்கறவரைக்கும் ரெண்டுக்கும் பதில்னு ஒண்ணே கிடையாது."

சாந்தகுமாரிக்கு உடம்பு சிலிர்த்தது. பேசி வைக்காமல், ஆள் அனுப்பாமல், பிரிந்த பின்னும் இப்படி ஒத்துப்போகிற ஒன்று இத்தனை சின்ன சில்லுக்குள்ளிருந்தா பிறக்கிறது? மூச்சுக் காற்றுப் படுமோ என்று பயந்து தள்ளியே நின்றாள். திரையில் அந்த முளை கோபுரமாய் வளர்ந்துகொண்டே இருந்தது.