மூன்று வருஷக் கரண்டும் மிளகாய்த் தூளும்

போன வியாழக்கிழமை எங்கள் மிளகாய் அரைக்கும் மெஷின் ஒரு பழைய ஹைலக்ஸ் வண்டியில் ஏறி, ரங்கூனுக்கு வெளியே இருக்கும் மாவ்பிக்குப் புறப்பட்டது. வழியனுப்ப எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் தெருவே திரண்டு நின்றது. பாதிப் பேர் தும்மிக்கொண்டிருந்தார்கள். மெஷினைத் தூக்கும்போது உள்ளே ஒட்டியிருந்த தூள் கொட்டிவிட்டது, வேறொன்றுமில்லை.

நின்றவர்களில் அதிக உற்சாகமாகக் கையாட்டியவர் ஜெனரேட்டர்காரர் ஊ பா சோ. ஒரு மாதத்துக்கு முன்னால், 'பணம் வைக்காமல் போக விடமாட்டேன்' என்று அடம் பிடித்தவரும் அவரேதான்!

எப்படி மனம் மாறினார்? அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த மில்லைத் தெரியும். புதியவர்களுக்காக ஒரு வரி: நான் டியூஷன் வாத்தியார், மில்லுக்கு முதலாளி என் மனைவி சாந்தி. அவள் அப்பா தமிழர், அம்மா பர்மியர். தெருவுக்கு அவள் மா சான்டி. தமிழில் பேச ஆரம்பித்து பர்மிய பாஷையில் கோபப்படுவாள். பர்மிய பாஷைக்கு மாறிவிட்டாள் என்றால் நான் வெளியே போகச் செருப்பைத் தேடுவேன்.

ரங்கூனில் அரசாங்கக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர்காரர். எங்கள் தெருவுக்கு ஊ பா சோ. மூன்று வீடு தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் பெரிய டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார். வீடுகளுக்கு பல்புக்கு இவ்வளவு என்று வாங்குவார். எங்களுக்குத் தனியாக மோட்டார் லைன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, சாந்தி அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த நாளில், ஊ பா சோ ஒரு பேப்பரோடு வந்தார்.

"சயா, மூணு வருஷத்துக்கு ஒரே ரேட். டீசல் நாளைக்கே ஏறலாம். ஊருக்கெல்லாம் ஏத்துவேன், உங்களுக்கு மட்டும் ஏத்தமாட்டேன்."

சயா என்றால் வாத்தியார். அந்த மரியாதையில் மயங்காத வாத்தியார் உண்டா? கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சாந்தி திரும்பி வந்ததும் கேட்டாள்: "படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எதுவரைக்கும்?"

...ரேட் வரைக்கும்தான் படித்திருந்தேன். அதற்குக் கீழே இன்னும் நிறைய இருந்தது. கரண்ட் எவ்வளவு எடுத்தாலும், எடுக்காவிட்டாலும், மாசப் பணம் ஒன்றுதான். நடுவில் விலகினால், பாக்கி மாசங்களுக்கு உண்டானதில் பாதியை ஒரே தவணையில் கட்ட வேண்டும்.

டீசல் உண்மையிலேயே ஏறியது. தெருவில் எல்லோருக்கும் ரேட் ஏறியது, எங்களுக்கு ஏறவில்லை. ஒரு ஆறு மாதம் நான் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். ஆனால் ரேட் ஏறாததால் வியாபாரம் ஏறிவிடுமா? கடைகளில் பளபளவென்று பாக்கெட் மசாலா வந்துவிட்டது. எங்களிடம் மஞ்சள் தூள் வாங்கிய மூன்று சாப்பாட்டுக் கடைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். இரண்டு வேலையாட்களை அனுப்ப வேண்டியதாயிற்று. மில்லை மூடிவிடலாமா என்று சாந்தி யோசிப்பது அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் மாவ்பியிலிருந்து மச்சான் வந்தார். சாந்தியின் அண்ணன். அங்கே நெல் அரவை மில் வைத்திருக்கிறார். உமியை எரித்து, அதில் வரும் கேஸில் ஓடும் எஞ்சின் ஒன்றைப் புதிதாக மாட்டியிருந்தார்.

"டீசலே வேண்டாம். உமி என் மில்லுலயே மலையாக் கிடக்கு. மிளகாயும் மஞ்சளும் பக்கத்துச் சந்தையிலயே கிடைக்கும். ஷெட்ல பாதி இடம் சும்மா இருக்கு, வந்துடுங்க" என்றார். இன்னொருவரும் அந்த இடத்தைக் கேட்கிறாராம். மாசக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சாந்தியின் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. மறுநாளே ஊ பா சோவிடம் போனேன். குழைந்து பேசினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். டீ கூட வரவழைத்தார். பிறகு சொன்னார்: "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், சயா. பாதிப் பணத்தை வச்சிட்டுப் போங்க."

அந்தப் பணத்தைக் கட்டினால் மாவ்பிக்கு மெஷின் போகும், நாங்கள் போகச் செலவுக்கு இருக்காது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாந்தி திட்டவில்லை. பெட்டியிலிருந்து பேப்பரை எடுத்துத் தரையில் விரித்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். எனக்குத் திட்டே தேவலை என்றிருந்தது.

"என்னங்க... காலை ஆறு மணியிலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும், எப்பக் கேட்டாலும் லைன் குடுக்கணும்னு இருக்கே. நாம எவ்வளவு நேரம் எடுக்கறோம்?"

"மூணு மணி நேரம், நாலு மணி நேரம்..."

"ஏன்?"

"நீதானே சொன்னே? டீசலுக்கு மனுஷன் கூப்பனோட க்யூவில நிக்கறார், மத்தியானத்துக்கு மேல நிறுத்திக்கலாம்னு?"

"ஆமா, சொன்னேன்." பேப்பரை மடித்தாள். "இனிமே சொல்லமாட்டேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மோட்டார் ஓடியது. வாசலில் பர்மிய எழுத்தில் ஒரு அட்டை: 'நாள் முழுக்க அரைத்துத் தரப்படும்.' கூலியையும் கொஞ்சம் குறைத்துவிட்டாள்.

முதல் நாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். இரண்டாம் நாள், மொஹிங்கா என்ற மீன் நூடுல்ஸ் விற்பவர்கள் வறுத்த கடலையோடும் அரிசியோடும் வந்தார்கள். மூன்றாம் நாள் க்யிம்யிண்டைங் மார்க்கெட்டிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாக்களில் மூட்டை மூட்டையாகக் காய்ந்த மிளகாய்! க்யூ தெருமுனை வரை நீண்டது. அனுப்பிய வேலையாட்கள் இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டாள். ஜெனரேட்டர் பன்னிரண்டு மணி நேரமும் மூச்சு வாங்கியது.

ஊ பா சோ மெஷினுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லியனுப்பினார். சாந்தி தானே கொட்டகைக்குப் போனாள். "ஊலே, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தாள். ஊலே என்றால் மாமா!

எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. "பாவமில்லையா, சாந்தி?"

"நாம என்ன திருடறோமா? எழுதினதைத்தானே கேக்கறோம்? அவர் நினைச்சா ஒரே வார்த்தையில நிறுத்தலாம். நிறுத்தட்டும்."

ஆறாம் நாள் காலையில் ஊ பா சோ வந்தார். கையில் அவருடைய ஒப்பந்தப் பிரதி. கண் இரண்டும் மிளகாய்ச் சிவப்பு. டீசல் தேடி அலைந்ததில் சட்டையெல்லாம் எண்ணெய்.

"சயா... மாவ்பி போறதா ஏதோ சொன்னீங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தி முந்திக்கொண்டாள். "இப்ப இங்கேயே நல்லாப் போகுது, ஊலே. இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கே!"

அவர் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "தமீ, இன்னும் ஒன்றரை மாசம் போனா நான் ஜெனரேட்டரை வித்துடுவேன். நீ போயிடும்மா. ஒண்ணும் தர வேண்டாம்."

தமீ என்றால் மகளே. அந்த வார்த்தையில் சாந்தியும் இறங்கி வந்தாள். மோட்டாரை அவளே நிறுத்தினாள். தெருவில் திடீரென்று அத்தனை அமைதி.

"எழுதிக் குடுத்துடுங்க ஊலே. அப்புறம், சாமான் ஏத்தறதுக்கு உங்க ஹைலக்ஸ்..."

"எடுத்துக்கோ! டிரைவரோட எடுத்துக்கோ!"

இரண்டு பிரதியிலும் 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குள் ஏழு முறை தும்மினார். ஏழாவது தும்மலில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும். புதிதாக அரைத்த மிளகாய்த் தூளில் ஒரு பெரிய பொட்டலம் கட்டிக் கொடுத்தாள் சாந்தி. அதை வாங்கிக்கொண்டு, "நீ வக்கீலாப் போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெற்றிக்கு ஏதாவது வாசனை உண்டா? உண்டு. மாவ்பி ஷெட்டில் உமி எஞ்சின் கிளம்பி, எங்கள் மெஷின் அரைத்த முதல் மஞ்சளின் வாசனை. சாந்தி கை நிறைய அள்ளி, சூடாக இருக்கும்போதே முகர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர். தூளால்தான் என்றாள்... நம்பிவிட்டேன்.

சாயங்காலம் மச்சான் இடத்துக்கான ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து நீட்டினார். சாந்தி வாங்கிப் படித்தாள். ஒரு மணி நேரம் படித்தாள்.

மச்சானுக்கு வருத்தம். "கூடப் பிறந்தவன் மேலயே நம்பிக்கை இல்லையா?"

"உன் மேல இருக்குண்ணே. பேப்பர் மேலதான் இல்லை."

சாட்சிக் கையெழுத்து மட்டும் நான் போட்டேன் — கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு!